கை திறக்கும் நேரம்

திருப்புளி அக்காவுக்கு அந்தப் பட்டத்தை வாங்கிக் கொடுத்தது அவளுடைய கொண்டைதான். மற்ற பெண்கள் கிளிப்போ ஊசியோ செருகும் இடத்தில் அவள் ஒரு திருப்புளியைச் செருகியிருப்பாள். மஞ்சள் கைப்பிடி, ஒரு சாண் நீளம். சட்டை தைக்கும் அந்த ஆலையில் நூற்றிருபது மெஷின்கள். எது முரண்டு பிடித்தாலும் தைக்கிற பெண் கையைத் தூக்குவாள், அக்கா கிளம்புவாள், நடந்து வரும்போதே அவள் கை பின்னால் போய்த் திருப்புளியை உருவிவிடும். அதை வேறு யாரும் தொடக் கூடாது. ஒரு முறை புதிதாக வந்த மெக்கானிக் அதை எடுத்து எண்ணெய் டப்பாவின் மூடியை நெம்பிவிட்டார். அக்கா மூன்று நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

வேலைக்குச் சேர்ந்தபோது அவளும் காலர் தைக்கிறவள்தான். ஆனால் எதையும் திறந்து பார்க்காமல் இருக்க முடியாத ஜென்மம். சாப்பாட்டு இடைவேளையில் மற்றவர்கள் கதை பேசும்போது இவள் தன் மெஷினைச் சாய்த்துப் போட்டு அடிவயிற்றைக் குடைந்துகொண்டிருப்பாள். இரண்டு தரம் திட்டு வாங்கினாள். மூன்றாவது தரம் மெக்கானிக் லீவு, ஒரு வரிசையே நின்றுபோயிருந்தது, இவள் சரிசெய்து ஓட்டிவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் அவளைக் காலர் தைக்கச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது.

வீட்டிலும் இதே கூத்துதான். கல்யாணமான புதிதில் கணவரின் ரேடியோவைப் பிரித்து மறுபடி சேர்த்தபோது ஒரு ஸ்க்ரூ மிச்சமாகிவிட்டது. ரேடியோ என்னவோ முன்னைவிட நன்றாகவே பாடியது. கணவர் சுவர்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர், வாய்த்துடுக்கு ஜாஸ்தி. அன்றைக்கே சொல்லிவிட்டார்: "எனக்கு ஒடம்பு சரியில்லன்னா நீ பக்கத்துலயே வராத தாயே. தொறந்து பாத்துருவ."

கடைசியில் உடம்புக்கு வந்தது அவளுக்கு. ஒரு நாள் காலையில் பற்பசை மூடியைத் திருகப் பார்த்தாள், விரல்கள் மடங்க மாட்டேன் என்றன. பத்து மணிக்குமேல் ஒன்றுமே நடக்காததுபோல மடங்கின. அடுத்த நாளும் அப்படியே. பிறகு மணிக்கட்டு வீங்கியது, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தொடங்கும் இரண்டு முட்டிகளும் உருண்டுகொண்டு நின்றன. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு முடக்குவாதம் என்றார்.

"ஒடம்பக் காக்குற காவல்காரங்க சொந்த மூட்டையே எதிரின்னு நெனச்சு அடிக்கிறாங்கம்மா. அதான் வீக்கம்."

"அவங்களுக்கு எப்படி சார் அந்தச் சந்தேகம் வந்துச்சு?"

"அது இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியல."

அக்கா ஆடிப்போய்விட்டாள். நோயைக் கேட்டு அல்ல; இத்தனை காலமாக மனிதர்கள் சுமந்து திரியும் ஒரு சாமானுக்கு இன்னும் முழுசாக விவரப் புத்தகம் எழுதப்படவில்லை என்பதைக் கேட்டு.

ஆலையில் தையல் தளத்தைக் கவனிக்கிற மேலாளருக்குப் பெண்கள் வைத்த பெயர் பாக்கெட் சார். பேன்ட் பாக்கெட்டிலிருந்து கையை எடுக்காமலே நாள் முழுக்கச் சுற்றிவருவார். காலையில் அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிட முடியாது, பத்தரைக்கு மேல்தான் பேனாவைத் தொடுவார். டீ கிளாஸைக்கூட இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து, ஏதோ அபூர்வ வஸ்து மாதிரி தூக்குவார். பெரிய மனுஷத் தோரணை என்று பெண்கள் முதுகுக்குப் பின்னால் நடித்துக் காட்டுவார்கள்.

இரண்டு மாத லீவு முடிகிற சமயத்தில் அக்கா அவரைப் போய்ப் பார்த்தாள்.

"காலைல எல்லாருக்குந்தான் கை வெறைச்சிருக்கும்" என்றார் அவர். "நாலு வேலை செஞ்சா தன்னால சரியாப் போயிடும். எட்டு மணிக்குத்தான் மெஷின்லாம் மக்கர் பண்ணும், அப்ப மெக்கானிக் கைய மடிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா நான் என்ன பண்றது?"

"கொஞ்ச நாள் பொறுங்க சார்."

"அடுத்த மாசம் கடைசித் திங்கக்கிழமை எட்டு மணிக்கு வாங்க. ஒரு மெஷினோட டைமிங்கக் கலைச்சு வைக்கிறேன். உங்க கையாலயே ஒம்போதுக்குள்ள சரி பண்ணிட்டீங்கன்னா பழைய வேலை. இல்லாட்டி பொத்தான் ரூம்."

பொத்தான் ரூமில் நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து நிறவாரியாகப் பொத்தான் பிரிப்பார்கள். சம்பளம் அதேதான், உடம்புக்கு நோவும் கிடையாது. ஆனால் அங்கே சுற்றுகிற சாமான் ஒன்றுகூட இல்லை. ஒரு பொத்தானுக்கு நாலு ஓட்டை, அதை ஒரு தரம் பார்த்தால் போதுமே, மீதி இருக்கும் வருடங்களுக்கு என்னத்தைப் பார்ப்பது? வீட்டுக்கு வரும் வழி முழுக்க அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள்.

டாக்டர் எழுதிக் கொடுத்த மறுவாழ்வுப் பயிற்சி மையம் பழைய தபால் நிலையத்துக்கு மாடியில் இருந்தது. ஒரு நீள மேசை, ஓரத்தில் உருக்கிய மெழுகுத் தொட்டி, வெந்நீர்ப் பாத்திரம், சுவரில் பெரிய கடிகாரம். மேசையைச் சுற்றி ஏழெட்டு பேர் விரல்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலோடு தொட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சி கொடுப்பவளுக்கு முப்பது வயது இருக்கும், எல்லோருக்கும் அவள் மேடம். அவள் அக்காவின் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுருட்டிக் கொடுத்துக் கொஞ்சம் காற்றடித்து, "நெருக்குங்க அக்கா" என்றாள். முள் சிறிது ஏறி நின்றது. அக்கா முள்ளைப் பார்க்கவில்லை, பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"புஜத்துல கட்டுறத வச்சு பிடியோட பலத்தப் பாக்குறீங்களே, யாரு மேடம் கண்டுபிடிச்சது?"

"தெரியாதுக்கா. நீங்க நெருக்குங்க."

"உள்ள ரப்பர் பை ஒண்ணா, ரெண்டா?"

பக்கத்தில் மெழுகு உறைந்த கையோடு உட்கார்ந்திருந்த டாக்சிக்காரர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அக்கா இருந்தால் பயிற்சி அறையில் கேள்விக்குப் பஞ்சமில்லை. மெழுகில் கையை விட்டால் ஏன் சுடுவதில்லை, விரலை அசைக்காமல் விட்டால் எத்தனை நாளில் இறுகும், வலது கை ஏன் இடதைவிட மோசம் என்று ஒன்று விடாமல் கேட்டாள். மேடமும் தெரிந்ததைச் சொல்வாள், தெரியாததை மறுநாள் கேட்டுவந்து சொல்வாள்.

வீட்டில் அக்கா ஆலையின் பழைய பராமரிப்பு நோட்டு ஒன்றை எடுத்து வைத்தாள். மெஷின் எண் என்ற கட்டத்தில் 'வலது', 'இடது' என்று எழுதினாள். தினமும் காலையில் பற்பசை மூடியை யார் உதவியும் இல்லாமல் எத்தனை மணிக்குத் திருக முடிகிறதோ, அது 'கை திறந்த நேரம்'. முதல் நாள் பத்து பத்து. கணவர் விடிந்ததும் வெந்நீர் வைத்துக் கொடுப்பார், அதில் கையை ஊறவைத்து விரல்களை மடக்கிப் பழகுவாள். மருந்தும் மெல்லப் பிடித்தது. மூன்றாவது வாரம் ஒன்பது இருபதுக்கு வந்துவிட்டது. கொண்டை மட்டும் இன்னும் அவளால் போட முடியவில்லை, கணவர்தான் போட்டுவிடுவார். அது எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். "செவுத்துல அடிச்சா பிசிறு தட்டாது, தலைன்னா மட்டும் கோணுதே" என்று அவரே தலையில் அடித்துக்கொள்வார்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அக்காவின் குணம் வேலையைக் காட்டியது.

ராத்திரி தூங்கும்போது போட்டுக்கொள்ள மேடம் ஒரு பட்டை செய்து கொடுத்திருந்தாள். வெள்ளை பிளாஸ்டிக், முழங்கைக்குக் கீழிருந்து விரல் வரைக்கும் கையைத் தாங்கிப் பிடிக்கும். வியர்வை நாற்றம் அடிக்கிறதென்று ஒரு நாள் அக்கா அதன்மேல் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய மெஷின் பாகங்களை அப்படித்தான் கழுவிப் பழக்கம். பட்டை ஈரத்துணி மாதிரி துவண்டு சப்பையாகிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் பதறியிருப்பார்கள். அக்காவுக்கு வாயெல்லாம் பல். ஆறுவதற்குள் வளைத்தாள், இறுகியது. மறுபடி தண்ணீர் ஊற்றினாள், இளகியது. அரை நாள் இதே விளையாட்டு.

விளையாட்டு முடிந்தபோது மூளை வேலை செய்யத் தொடங்கியது. மேடம் மணிக்கட்டை லேசாக மேல்பக்கம் நிமிர்த்தி வைத்திருந்தாள். ஆனால் சாய்த்துப் போட்ட மெஷினுக்கு அடியில் கையை விட்டால் மணிக்கட்டு நன்றாகக் கீழே மடங்க வேண்டும். எந்த நிலையில் வைத்து ஸ்க்ரூவை முடுக்குகிறோமோ அந்த நிலையில்தானே பாகம் நிற்கும்? ராத்திரி முழுக்கக் கையை வேலை செய்யும் கோணத்தில் முடுக்கி வைத்தால், காலையில் அதே கோணத்தில் தயாராக எழுந்துவிடாதா? 'நாலு வேலை செஞ்சா சரியாப் போயிடும்' என்று பாக்கெட் சார் சொன்னதும் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. அக்கா பட்டையைக் கீழ்நோக்கி மடித்தாள், ஓரங்களைக் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்து வழுவழுப்பாக்கினாள், பத்து ராத்திரி போட்டுக்கொண்டு தூங்கினாள்.

நான்காம் நாளே விரல் நுனிகள் மரத்தன. பழகிவிடும் என்று விட்டாள். பத்தாம் நாள் மணிக்கட்டு பழமாக வீங்கியிருந்தது. நோட்டில் பத்து நாற்பது என்று எழுதும்போது பேனா கையில் நிற்கவில்லை. தொடங்கிய இடத்துக்கும் பின்னால் போயாகிவிட்டது. கடைசித் திங்கட்கிழமைக்கு இன்னும் இருபத்தைந்து நாள்.

மேடம் பட்டையைக் கையில் வாங்கியதும் முகம் சிவந்துவிட்டது.

"இது நான் செஞ்சது இல்லயே. யாரு வளைச்சா?"

அக்கா அசடு வழிந்தாள். மறைத்துப் பார்த்தாள், முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். வெந்நீர், கோணம், டைமிங், பொத்தான் ரூம் எல்லாம்.

"நரம்ப நசுக்கி வச்சிருக்கீங்கக்கா! கேக்கணும்ல? ஆயிரம் கேள்வி கேப்பீங்க, இத மட்டும் கேக்கத் தோணலயா?"

அது சுருக்கென்று தைத்தது. உண்மைதான். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் கேட்கவில்லை. அக்காவின் கண் நிறைந்துவிட்டது. மேடம் பட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அவள் செய்ததைவிட அந்த ஓரம் நன்றாக இருந்தது.

"ஒண்ணு சொல்லுங்க" என்றாள், குரல் இறங்கியிருந்தது. "கடைசி மணி அடிச்சதும் உங்க மெஷின எப்படி விட்டுட்டு வருவீங்க? வேலை செய்யுற மாதிரியேவா?"

"ஐயோ, அது எப்படி? துணிய அழுத்துற பாதத்துக்கு அடியில ஒரு துண்டுத்துணி வச்சு இறக்கி வச்சிட்டு வருவோம். அப்பதான் கீழ துணிய நகத்துற பல்லு தேயாது, கசியிற எண்ணெயையும் துணி குடிச்சுக்கும். காலைல பாதம் பாட்டுக்கு..."

அக்கா நிறுத்திக்கொண்டாள். வாய் திறந்தபடி தன் கையைப் பார்த்தாள், பட்டையைப் பார்த்தாள்.

"இது அந்தத் துணியா மேடம்?"

"அந்தத் துணிதான்."

இருபத்திரண்டு வருடமாக ஒரு மெஷினையும் துணி வைக்காமல் விட்டு வந்ததில்லை அவள். தன் கையை மட்டும் பத்து ராத்திரி ஓடவிட்டிருக்கிறாள். வெட்கமாகவும் இருந்தது, ஒரு விஷயம் பிடிபட்ட சந்தோஷமாகவும் இருந்தது.

ஒரு வாரம் ஓய்வு, டாக்டரிடம் ஒரு நடை, புதுப் பட்டை. அதற்குப் பிறகு மேடம் சொன்னாள்: "மெஷினுக்காகக் கைய வளைக்கிறத விடுங்க. உங்க திருப்புளியக் கொண்டு வாங்க, அத மாத்திப் பாப்போம்." மஞ்சள் கைப்பிடியின்மேல் பட்டை வெட்டி மிச்சமான பிளாஸ்டிக் துண்டுகளை இளக்கிச் சுற்றினார்கள். ஆறுவதற்குள் அக்கா அதை வலது உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். வளைந்த நடுவிரல் உட்கார ஒரு பள்ளம், நீட்ட முடியாத கட்டைவிரலுக்குப் பக்கவாட்டில் ஒரு மேடு. நான்கு முறை தப்பாக வந்தது. ஐந்தாவது முறை திருப்புளி கையில் போய்த் தானாகப் படுத்துக்கொண்டது. விரலால் இறுக்கிப் பிடிக்கத் தேவையே இல்லை, உள்ளங்கையால் தள்ளி முழங்கையோடு சேர்த்துத் திருப்பினால் போதும். டாக்சிக்காரர் அதை வாங்கிப் பிடித்துப் பார்த்தார். "என்னக்கா இது, முள்ளங்கிய முறுக்கிப் புடிச்ச மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நோட்டில் நேரம் முன்னேறியது. பத்து மணி, ஒன்பதே கால், எட்டு ஐம்பது. கடைசி வெள்ளிக்கிழமை எட்டு இருபத்தைந்து. அங்கேயே நின்றுவிட்டது. அக்கா அதிகாலையிலேயே எழுந்து பார்த்தாள், வெந்நீரை இரண்டு தரம் மாற்றிப் பார்த்தாள். எட்டு இருபத்தைந்துதான்.

"எட்டு மணிக்குப் போய் நின்னா கை தொறந்திருக்காது மேடம். பாக்கெட் சார் பாத்துக்கிட்டே நிப்பாரு."

"எட்டு மணிக்கு மணி அடிச்சதும் முதல்ல என்ன செய்வீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க." இப்போது கேள்வி கேட்கும் வியாதி மேடத்துக்கும் தொற்றியிருந்தது.

"எல்லா மெஷினும் ஒரே நேரத்துல ஓடும். நான் நடுவுல போய் நிப்பேன். சத்தம் கேக்கும்ல, அதுலயே எது சரியில்லன்னு..." அக்கா மறுபடியும் பாதியில் நிறுத்தினாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

திங்கட்கிழமை. கணவர் போட்ட கொண்டை வழக்கம்போல இடது பக்கம் சாய்ந்திருக்க, அதில் பருத்த கைப்பிடியோடு திருப்புளி. மணி அடித்தது. பாக்கெட் சார் முதல் வரிசைக் கோடியில், கலைத்து வைத்த மெஷின் பக்கத்தில், பாக்கெட்டில் கைவிட்டபடி நின்றிருந்தார்.

"ஆரம்பிங்க."

"ஒம்போது வரைக்கும் நேரம் குடுத்திருக்கீங்க சார். முதல்ல ஒரு சுத்து கேட்டுட்டு வந்துடுறேன்."

"எத கேட்டுட்டு?"

அதற்குள் அவள் நடந்துவிட்டாள். வரிசை வரிசையாக நின்று தலையைச் சாய்த்துக் கேட்டாள். இரண்டாம் வரிசையில் ஒரு பெல்ட் கீச்சிட்டது. மூன்றாம் வரிசையில் ஒன்று தையலுக்குத் தையல் லேசாக விக்கியது. நாலு மாதம் கேட்காத சத்தம், காதுக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. கோளாறு தெரிந்த மெஷின்மேல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்த சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்தாள். மொத்தம் ஐந்து கோடு. நடக்கும்போதெல்லாம் விரல்களை மடக்கிப் பிரித்துக்கொண்டே இருந்தாள். எட்டு இருபத்தெட்டுக்குக் கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொட்டது.

திரும்பி வந்து, பக்கத்துப் பெண்ணைத் திருப்புளியை உருவித் தரச் சொன்னாள். அந்தப் பெண் தொடலாமா என்று பயந்துகொண்டே உருவினாள். அக்கா முன்கையால் தள்ளி மெஷினைச் சாய்த்தாள். ஊசியும் அடியில் சுற்றும் கொக்கியும் சந்திக்கிற நேரம்தான் டைமிங். கொக்கியை மூன்று ஸ்க்ரூ பிடித்திருக்கும். முதல் ஸ்க்ரூ இளகியது, இரண்டாவதும் இளகியது. மூன்றாவது அசையவில்லை. இன்னொரு தரம் அழுத்தினாள். அப்படியே இருந்தது.

"மணி எட்டே முக்கால்" என்றார் பாக்கெட் சார். "முடியலன்னா முடியலன்னு சொல்லிடணும். குடுங்க இங்க."

வெடுக்கென்று வாங்கிவிட்டார். பக்கத்து மெஷின்கள் இரண்டு நின்றன, அக்காவின் திருப்புளியை ஒருவர் பிடுங்குவதை யாரும் பார்த்ததில்லை. அவர் அதைப் பிடித்தார், மாற்றிப் பிடித்தார். அக்காவின் விரலுக்கான பள்ளத்தில் அவர் விரல் உட்காரவில்லை. ஸ்க்ரூவில் வைத்து அழுத்தியபோது வழுக்கித் தரையில் விழுந்தது. குனிந்து, அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, டீ கிளாஸைத் தூக்குவது மாதிரியே தூக்கினார்.

அவருடைய கைகளை அவ்வளவு பக்கத்தில் அக்கா பார்த்தது அன்றுதான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தொடங்கும் இடத்தில் இரண்டு முட்டிகளும் உருண்டு நின்றன. தினமும் தன் கையில் தடவிப் பார்க்கிற அதே முட்டிகள்.

முதலில் வந்தது கோபம்தான். இப்படிக் கையை வைத்துக்கொண்டா இந்த மனிதர் என்னைப் பொத்தான் ரூமுக்கு அனுப்பப் பார்த்தார் என்று பற்றிக்கொண்டு வந்தது. திருப்புளியை அவரிடமிருந்து வாங்கி, ஸ்க்ரூவில் வைத்து, இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அந்தக் கோபத்தோடு உடம்பின் பாரத்தையும் சேர்த்து ஒரு தள்ளு தள்ளினாள். கடக்கென்றது. அதற்குப் பிறகு அவள் யாரையும் பார்க்கவில்லை. கொக்கியைத் திருப்பி, ஊசிக்கு நேராக நிறுத்தி, மூன்றையும் முடுக்கி, மெஷினை நிமிர்த்தி ஒரு துண்டுத்துணியைத் தைத்து நீட்டினாள். தையல் ஒன்று போல ஓடியிருந்தது. மணி எட்டு ஐம்பத்தாறு.

அவர் துணியைக் கையில் வாங்கவில்லை, குனிந்து பார்த்தார். கைகள் பாக்கெட்டுக்குள் திரும்பிவிட்டிருந்தன. அந்தப் பாக்கெட்டைப் பார்த்ததும் அக்காவின் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. எத்தனை காலையாக இந்த மனிதர் ஒருவரிடமும் சொல்லாமல் பத்தரை மணிக்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்தாள், பாவமாக இருந்தது. கூடவே, அடக்க முடியாத அந்தப் பழைய அரிப்பும்.

பக்கத்தில் போய், மெஷின் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காதபடி கேட்டாள்: "உங்களுக்கு எத்தன மணிக்கு சார் தொறக்கும்?"

"என்னது?"

"கை."

அவர் அவளை முறைத்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"பத்தரை" என்றார். "நாலு வருஷமா."

"எனக்குப் பத்து பத்துல ஆரம்பிச்சுது சார். பழைய தபால் ஆபீஸ் மாடியில பயிற்சிக்குப் போனேன். இன்னிக்கு எட்டு இருவத்தெட்டு."

அவர் வாயைத் திறந்தார், ஏதோ கேட்க வந்தவர் மாதிரி இருந்தது. அதற்குள் மூன்றாம் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். சுண்ணக்கட்டிக் கோடு போட்ட மெஷின்.

"போங்க" என்றார் பாக்கெட் சார். "உங்களத்தான் கூப்பிடுறாங்க." அவள் நாலடி போனதும் பின்னாலேயே வந்து, "அந்த எடம் எத்தன மணி வரைக்கும் தொறந்திருக்கும்?" என்று கேட்டார்.